ஏற்காடு ஏரியில் அம்புப்புழு கிடைக்காது, ஐயா

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் ஐயா அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

கடலோரக் களப்பயணம் கேட்டு விலங்கியல் துறை கொடுத்த விண்ணப்பம் இந்த வருடமும் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு: "சேலத்தைச் சுற்றி ஏரிகள் உள்ளன. ஏற்காடு அருகில் உள்ளது. அங்கேயே மாதிரி எடுக்கலாம்." பின்னணியெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், பழைய கதையை மறுபடி எழுதவில்லை. ஆனால் செய்முறைத் தேர்வில் நடந்ததைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

கடல் விலங்கு மிதவையுயிரிகளை, அதாவது நீரோட்டத்தோடு மிதந்து திரியும் விலங்குகளை, அடையாளம் காணும் பகுதிக்கு அன்று மேசையில் இருந்தவை ஜெராக்ஸ் தாள்கள். பழைய ஸ்லைடுகளில் பூஞ்சை படர்ந்துவிட்டது. பாட்டில்களில் பார்மலின் வற்றி, அடியில் பழுப்பாக வண்டல்தான் மிச்சம். அதனால் புத்தகத்துப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து வைத்தோம். அதில் ஒரு தாள் சேஜிட்டா, அதாவது அம்புப்புழு. உயிரோடு இருக்கும்போது உடம்பு கண்ணாடியாகத் தெரியும். குடலையும் முட்டை நிறைந்த சூலகத்தையும் வெளியிலிருந்தே பார்க்கலாம். தலையின் இரண்டு பக்கமும் வளைந்த முட்கள் இருக்கும், கோபிபாடுகள் என்ற மிகச் சிறிய ஓட்டுடலிகளை அவற்றால்தான் பிடித்து விழுங்கும். எங்கள் தாளில் அது வெறும் கறுப்புக் கோடு.

ஒரு மாணவி அதற்கு எழுதிய விடை: "தாளில் கோடு விழுந்துள்ளது. உயிரி எதுவும் தெரியவில்லை." வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பூஜ்யம் போட்டார். அவர் விதிப்படி அது சரிதான். ஆனால் அந்த மேசையில் உள்ளதை உள்ளபடி எழுதியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் போன வருடத்து வரிசையை மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்கள்.

அந்தப் பெண் ஆத்தூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். கடலை நேரில் பார்த்ததே இல்லை. தேர்வு முடிந்து வெளியே வந்ததும், "அது எவ்வளவு பெருசு இருக்கும் சார்?" என்று கேட்டாள். ஒரு சென்டிமீட்டர் இருக்கும், சில இனங்கள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்கூட வளரும் என்றேன். "அப்போ வெறும் கண்ணுக்கே தெரியுமா? நான் மைக்ரோஸ்கோப்புல மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். ஒரு செமஸ்டர் முழுக்கக் கடல் உயிரியல் படித்த பிள்ளைக்கு அது நெல்மணியை விடச் சின்னதா பெரியதா என்பதுகூடத் தெரியவில்லை என்றால், நாங்கள் நடத்தியது பாடமா, ஐயா?

சரி, ஏற்காட்டுக்கே வருவோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், படகுத் துறையில் நின்று வலை போட எனக்கும் ஆசைதான். நன்னீர்ப் பாடத்துக்கு அந்த ஏரி போதும், கன்னங்குறிச்சி மூக்கனேரியே போதும். ரோட்டிஃபர், டாஃப்னியா வகையறா, கோபிபாட், ஆஸ்ட்ரகாட் என்று நன்னீரில் சிக்குபவை பெரும்பாலும் இந்த நாலைந்து கூட்டங்களுக்குள் அடங்கிவிடும். கடலில் அப்படி இல்லை. அம்புப்புழுத் தொகுதி மொத்தமும் கடலில் மட்டுமே வாழ்கிறது. சீப்பு ஜெல்லிகளும் அப்படித்தான். சால்ப்புகள், சிறகுக்கால் நத்தைகள், நட்சத்திர மீனின் லார்வா, கடல் முள்ளெலியின் லார்வா எதுவுமே நன்னீரில் கிடையாது. எந்த மலைமேல் ஏறி எந்த ஏரியில் வலை வீசினாலும் சிக்காது. விலங்குலகத்தின் சில தொகுதிகளையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட நிர்வாகம் முடிவு செய்திருந்தால் அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், நாங்களும் நிம்மதியாக இருப்போம்.

இன்னொன்று, ஒரு பகலும் ஓர் இரவும் எதற்கு, காலையில் போய் மாலையில் திரும்பக் கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். விலங்கு மிதவையுயிரிகளில் பல பகலில் மீன் கண்ணுக்குத் தப்பி ஆழத்தில் இருக்கும், இருட்டியதும் மேலே வந்து மேயும். உலகில் தினமும் நடக்கும் மிகப் பெரிய விலங்குப் பெயர்ச்சி இதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளைத் தேட அனுப்பிய ஒலி நடுக்கடலிலேயே எதிரொலித்தபோது, அங்கே தரை இருக்கிறதோ என்று குழம்பினார்கள். பின்னால்தான் அது கூட்டம் கூட்டமாக இருந்த உயிர்கள் என்று தெரிந்தது. கரையோர ஆழமில்லாத நீரிலும் பகல் மாதிரியும் இரவு மாதிரியும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் அடுத்தடுத்து லென்ஸில் பார்த்தால்தான் பரவல் என்பது பிள்ளைகளுக்குப் புரியும். பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயம். அதற்காகத்தான் இரண்டு பேராசிரியைகள் உடன் வருவதாக விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை போலிருக்கிறது.

நாங்கள் கேட்பது லட்சத்தீவு இல்லை, பரங்கிப்பேட்டை. சாலை வழியில் சுமார் 200 கிலோமீட்டர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அங்கேதான் இருக்கிறது. ஆத்தூரைத் தாண்டி ஓடும் வசிஷ்ட நதி சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி அங்கேதான் கடலில் கலக்கிறது. முகத்துவாரத்திலிருந்து ஆற்றின் மேல்பக்கம் போகப் போக உப்பு குறையும், கூடவே வலையில் வரும் உயிரிகளும் மாறிக்கொண்டே போகும். நான் வகுப்பறையில் பலகையில் கோடு கோடாகப் போட்டு விளக்கியும் தலையில் ஏறாத ஒரு பாடம், அங்கே ஒரு படகு, 200 மைக்ரான் கண்ணி வலை, உப்புமானி மூன்றும் இருந்தால் அரைநாளில் ஏறிவிடும்.

"அரபிக்கடலையும் வங்காள விரிகுடாவையும் ஒப்பிடுக" என்று பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று தவறாமல் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடலின் அடிநீர் மேலேறிச் சத்தைக் கொண்டுவருகிறது. வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் மேலே மூடிபோல் படுத்துக்கொண்டு கலக்கவிடாமல் செய்கிறது. அதனால் அங்கே உற்பத்தி குறைவு. அரபிக்கடலில் சுமார் 150 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் அருகிப்போகிறது, பெரும்பாலான உயிரிகள் அங்கே இறங்குவதில்லை. ஆனால் புளூரோமம்மா இண்டிகா என்ற கோபிபாட் அங்கேயும் ஏராளம். பிள்ளைகள் இதையெல்லாம் அச்சுப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். கோபிபாடைக் காட்டினால் தெரியாது.

1960களின் தொடக்கத்தில் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்தபோது, பல நாட்டுக் கப்பல்கள் ஒரே அளவு வலையை 200 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்து மாதிரி சேர்த்தன. அந்த பாட்டில்களைப் பிரித்து எண்ண 1962-இல் கொச்சியில் ஒரு மையமே தொடங்கினார்கள். காசு புரளாத காலம் அது. நம்மிடம் வாசலில் எல்.இ.டி. திரை இருக்கிறது, கல்லூரி நாளுக்கு ட்ரோன் பறக்கிறது. கல்விச் சுற்றுலா என்ற பெயரில் தீம் பார்க்குக்கு வருடா வருடம் பஸ் கிளம்புகிறது. அதற்கு மட்டும் கையெழுத்து அன்றைக்கே விழுந்துவிடும். தண்ணீர்ச் சறுக்கில் விலங்கியல் மாணவர்கள் எந்த விலங்கைப் பார்த்தார்கள் என்று யாரும் அறிக்கை கேட்டதில்லை. மிதவையுயிரிகளைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் மீன்கடையில் வாங்கும் மத்தி இந்த மிதவையுயிர்களைத் தின்றுதான் வளர்கிறது. பெரும்பாலான மீன் குஞ்சுகளின் முதல் இரையே கோபிபாடின் இளம் லார்வாதான். இறால் பண்ணைக்கும் மீன்வளத் துறைக்கும் இதைத் தெரிந்த ஆள் வேண்டும்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இறுதியாண்டு விலங்கியல் மாணவர்களுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் கடலோரத்தில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ போவது நல்லது. மையத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுத வேண்டியிருப்பதால் இந்த மாதத்துக்குள் அனுமதி கொடுத்தால் உதவியாக இருக்கும். அங்கிருந்து கொண்டுவரும் மாதிரிகளை வைத்து அடுத்த தேர்வுக்குப் புது ஸ்லைடுகளை நாங்களே தயார் செய்துவிடுவோம், ஜெராக்ஸ் செலவும் மிச்சம்.

அப்புறம், அந்த மாணவி இழந்த மூன்று மதிப்பெண். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் தேர்வுக் குழுவில் வைத்து மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. அந்தத் தாளையும் வரவழைத்து ஒருமுறை பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விலங்கியல் துறை கௌரவ விரிவுரையாளர் ஒருவர்,
சேலம்.