அழைப்பிதழில் நால்வரின் பெயரும் வேண்டும்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டார இசைச் சபைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பொள்ளாச்சியில் வயலின் கற்பிக்கிறேன். என்னிடம் பயின்று, பின்னர் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்கு மாறிய மாணவி ஒருவர் இன்று சென்னையில் ஒரு தந்தி நால்வர் குழுவில் வாசிக்கிறார். அண்மையில் நம் பகுதிச் சபை ஒன்று அக்குழுவை அழைத்தபோது, அழைப்பிதழில் முதல் வயலின் கலைஞரின் பெயரும் ‘குழுவினர்’ என்ற சொல்லும் மட்டுமே இருந்தன; சன்மானமும் அதே கணக்கில்தான் பிரிந்தது. கடம் வாசிப்பவரின் பெயரைக்கூட விடாமல் அச்சிடும் சபைகளிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வயலின், ஒரு வயோலா, இவற்றைவிடப் பெரிய தந்தி வாத்தியமான ஒரு செல்லோ என அமையும் இக்குழுவில் பக்கவாத்தியம் என்று எவரும் இல்லை. வயலினுக்கு ஒரு பஞ்சமம் கீழே சுருதி கூட்டப்படும் வயோலா, பல இடங்களில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காலப்பிரமாணத்தைத் தாங்குகிறது. அந்த வில் இம்மியளவு பிந்தினாலும், முதல் வயலின் எவ்வளவு இழைந்து வாசித்தாலும், நால்வரும் தடுமாறுவது முன்வரிசைக்குத் தெரிந்துவிடும். செக் இசையமைப்பாளர் ஸ்மெதனா தம் முதல் குவார்ட்டெட்டின் (தந்தி நால்வர் குழுவுக்கான படைப்பின்) தொடக்க மெட்டை வயோலாவிடமே கொடுத்தார். 1878இல் பிராகில் அது தனிப்பட்ட அவையில் முதன்முதலாக அரங்கேறியபோது அந்த வாத்தியத்தை ஏந்தியவர் இன்னொரு செக் இசையமைப்பாளரான துவோர்ஷாக். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவில் கர்நாடக இசை வாசித்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வயலினுக்கு உள்ள அளவு தனிக்கச்சேரி உருப்படிகள் வயோலாவுக்கு இல்லை என்பதால், அதை எடுத்தவரின் பிழைப்பு பெரும்பாலும் பிறரோடு சேர்ந்து வாசிப்பதிலும் கற்பிப்பதிலும்தான் இருக்கிறது. திரைப்பட ஒலிப்பதிவு ஒரு துணையாக இருந்தது. கணினியில் சேமித்த தந்தி ஒலிகள் அதையும் சுருக்கிவிட்டன.

ஆகவே, ஆண்டுக்கு ஒரு மாலையையாவது இத்தகைய குழுவுக்கு ஒதுக்கி, நால்வரின் பெயரையும் அச்சிட்டு, சன்மானத்தைச் சமமாகப் பிரித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பெரிய மண்டபம் தேவையில்லை. நூறு பேர் அமரும் கூடத்தில் மைக் இல்லாமலே வாசிக்கலாம். முதல் வயலினுக்கு முன்னால் மட்டும் மைக்கை நிறுத்தினால் வயோலாவின் அடித்தந்தி சபைக்குக் கேட்காமலே போய்விடுகிறது. (மின்விசிறியைச் சற்றுக் குறைத்தால் இசைத்தாள்களும் பறக்காமல் நிற்கும்.)

மார்கழி நிகழ்ச்சிகளுக்கான தேதிகளை முடிவு செய்யும் முன் உங்கள் செயற்குழுவில் இதை வைக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயலின் ஆசிரியர், பொள்ளாச்சி