கிராம சபைக்கு வந்தவர்களுக்கும், வந்து எதிர்த்துப் பேசினவர்களுக்கும் நன்றி

ஊர்க்காரர்களுக்கும், வெளியூரில் இருந்துகொண்டு போனிலேயே எங்களை விரட்டி வேலை வாங்கிய சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

தேரியில், அதாவது நம்ம சிவப்பு மணல்மேட்டுக் காட்டில், தாது மணல் சுரங்கம் வேண்டாம் என்று ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறிய சங்கதி எல்லாருக்கும் தெரியும். யார் யார் என்ன பாடுபட்டார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. வாயால் சொன்னால் ரெண்டு பேரைச் சொல்லி நாலு பேரை விட்டுவிடுகிறேன், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. போடாதே என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், காரணம் உங்களுக்கும் தெரியும்.

முதல் நன்றி, படித்தவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, வடக்குத் தெரு பனையேறிப் பெரியப்பாவுக்கு. சுரங்கம் தோண்டக் கேட்கிற கம்பெனிக்காரர்கள் கொடுத்த தாளில் தேரி என்றால் விவசாயத்துக்கு உதவாத மணல்மேடு என்று போட்டிருந்தது. பெரியப்பா எழுந்து நின்று மைக்கைக் கூட வாங்காமல், "அப்போ அய்ப்பசி கார்த்திகையில பெய்த மழை எங்கப்பா போச்சு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. எவ்வளவு மழை கொட்டினாலும் தேரியில் தண்ணீர் ஓடிப் பார்த்திருக்கிறோமா? விழுகிற இடத்திலேயே மணல் குடித்துவிடும், குடித்தது அடியில் இறங்கி, தேரி ஓரத்துக் கிணறுகளில் மெதுவாக ஊறி வரும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இன்னும் உப்பில்லாத தண்ணீர் கிடைக்கிறது என்றால் மேலே நிற்கிற இந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை உள்ளே வர விடாமல் தள்ளிப் பிடித்திருப்பதால்தான். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் அந்தச் சிவப்பு மணல் காட்டுக்கு நடுவே சுனையைப் பார்த்திருப்பீர்கள், பிறகும் உதவாத மேடு என்று எப்படி எழுதுகிறார்களோ.

அடுத்து நம்ம டீச்சர். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் என்று அந்தத் தாளில் கிடந்த பெயர்களையெல்லாம் எங்கள் வீட்டு அம்மாமார்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னவர் அவர்தான். மணலுக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது அதன் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு, கம்பெனி தேடுவது அதை அல்ல, மணலோடு கலந்து கிடக்கிற, டைட்டானியம் மாதிரி உலோகங்கள் உள்ள கனத்த கருப்புப் பொடியை. மணலை அள்ளி, தண்ணீர் விட்டு அலசி, கனமானதைப் பிரித்துக்கொண்டு மீதி மணலை அதே குழியில் கொட்டி, மேலே மரமும் நட்டுவிடுவோம் என்பதுதான் அவர்கள் சொன்ன கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டீச்சர் ரெண்டு கேட்டார். அலசுகிற தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும்? ஒரு பனை பாளை விட 15 வருஷத்துக்கு மேல் ஆகும், நீங்கள் நட்ட வடலி (இளம் பனை) வளர்கிற வரைக்கும் ஆடிக் காற்றில் அந்த மணலைப் பிடித்து வைப்பது யார்? தென்மேற்குக் காற்று அடிக்கிற மாசங்களில் தேரி எப்படி நகரும் என்பது மணல் ஏறிய தோட்டத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். அதைக் கட்டிப் போட்டிருப்பது பனையும் உடைமரமும் கொல்லாமரமும் (முந்திரி)தான்.

வக்கீல் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. திருநெல்வேலியிலிருந்து சொந்த பெட்ரோலில் வந்து போனார், பீஸ் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. கலெக்டர் தலைமையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நாங்கள் பாட்டுக்கு இருந்தோம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அப்படித்தான். ஆனால் அணுக் கனிமம் (இந்தத் தாது மணலும் அதில் சேர்த்திதான்), முக்கியக் கனிமம் தோண்டுகிற திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை போட்டுவிட்டது என்று அவர் சொன்னபோதுதான் விஷயம் உறைத்தது. நம்மை யாரும் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை, நாமாகப் பேச இருக்கிற ஒரே இடம் கிராம சபை. அதற்கும் ஆள் கணக்கு உண்டு, நம்ம ஊர் மக்கள்தொகைக்கு 200 பேர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். வீடு வீடாகப் போய் ஆள் கூட்டி வந்த மகளிர் குழு அக்காமார்களே, பாளை சீவ ஆரம்பிக்கிற நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டு வந்த பனையேறிகளே, நீங்கள் இல்லாவிட்டால் அன்றைக்கு வழக்கம்போல சமோசா தின்றுவிட்டுக் கலைந்திருப்போம்.

வார்டு மெம்பர் மயினியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது மேலிடத்து விவகாரம், தீர்மானமெல்லாம் எதற்கு, கோரிக்கை மனுவாகக் கொடுத்துவிடலாமே என்று கூட்டத்தில் நைசாக ஒரு பேச்சு வந்தது. மயினி தீர்மானப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எழுதி, சத்தமாக வாசித்து, எல்லாரும் கேட்ட பிறகுதான் எழுந்தார்.

சாத்தான்குளம் பக்கமிருந்து வந்து பேசிய பெரியவர்களுக்கும் நன்றி. 1986-ல் திருநெல்வேலி மாவட்டம் பிரிந்தபோது தேரியின் பெரும்பகுதி தூத்துக்குடிக்குப் போய், ஓரம் மட்டும் நம்மிடம் நின்றது, ஆனால் காற்றுக்கும் தண்ணீருக்கும் அந்த எல்லை தெரியாதே. 2007-ல் டாடா ஸ்டீலின் டைட்டானியம் திட்டத்துக்கு நிலம் எடுக்கப் பேச்சு வந்து, மக்கள் எதிர்ப்பால் அரசு அதை நிறுத்தி வைத்த கதையை அவர்கள் வாயால் கேட்டது இங்குள்ள இளவட்டங்களுக்குப் பெரிய தெம்பு.

இளவட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. சுரங்கம் வரட்டும் என்று பேசிய தம்பிகளுக்கு நான் மனசாரச் சொல்கிறேன், நன்றி. அன்றைக்குச் சிலர் உங்களைக் கம்பெனி ஆள் என்று கத்தியது தப்பு. நீங்கள் கேட்டதில் என்ன பொய்? பனையேற இன்றைக்கு எத்தனை பேர் தயார், உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்து காய்ச்சுகிறவர் கையில் என்ன மிஞ்சியது, திருப்பூருக்கும் துபாய்க்கும் போகாமல் இங்கேயே சம்பளம் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? வீட்டுச் சுவருக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கிறோமே, அந்த டைட்டானியம் எந்த ஊர் மண்ணைத் தோண்டி வருகிறது என்று ஒருவன் கேட்டானே, அதற்கு இதுவரை என்னிடம் பதில் இல்லை. சுரங்கத்தில் நிரந்தர வேலை எத்தனை பேருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று எழுதித் தரச் சொன்னபோது கம்பெனிக்காரர்கள் வாய் திறக்கவில்லை, அதனால்தான் கடைசியில் உங்களில் சிலரே கையெழுத்துப் போட்டீர்கள். கருப்பட்டிக்கும் முருங்கைக்கும் அரசு கொள்முதல் நிலையம் வேண்டும் என்ற பத்தி தீர்மானத்தில் ஏறியது உங்களால்தான். நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் வேண்டாம் என்ற ஒற்றை வரியோடு முடிந்திருக்கும்.

தேரியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக (உயிரினச் செழிப்புக்காக அரசு அறிவிக்கிற இடம்) அறிவிக்கக் கேட்கும் இரண்டாவது தீர்மானம் கல்லூரிப் பிள்ளைகளுடைய வேலை. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டிக்கு 2022-ல் அந்த அறிவிப்பு கிடைத்தது. அப்புறமும் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதியைச் சேர்த்தார்கள், ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம் போட்டு, சட்டமன்றமும் தீர்மானம் போட்டு, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அறிவிப்பு ஒன்றே காப்பாற்றிவிடாது, ஆனால் கையில் ஒரு காகிதம் இருக்கும். அதற்காக இந்தப் பிள்ளைகள் விடியற்காலையில் தேரிக்குள் நடந்து, ஓணானையும் முயலையும் உடும்பையும் போட்டோ எடுத்து, ஊராட்சியில் பெயருக்கு வைத்திருந்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை நிரப்பியிருக்கிறார்கள். 1950களிலேயே தொல்லியல் ஆட்கள் தேரிகளில் நுண்கற்கருவிகள் (ஆதி மனிதர்களின் சின்னச் சின்னக் கல் கருவிகள்) கிடைத்ததை எழுதி வைத்திருப்பதையும் தேடிச் சேர்த்தார்கள்.

மைக் செட்டுக்குக் காசு வாங்காத அண்ணாச்சி, கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டே இருந்த அத்தை, நோட்டீஸ் அடிக்கப் பணம் அனுப்பிய மும்பை, சவுதி பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் திட்டி ஒரு மெசேஜ் போடுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

இந்தத் தீர்மானத்தால் மட்டும் சுரங்கம் நின்றுவிடாது, அதை வக்கீல் தம்பி தெளிவாகச் சொல்லிவிட்டார். நகலைக் கலெக்டர் அலுவலகத்துக்கும் கனிம வளத்துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குப் பதில் வந்ததும் சொல்கிறேன். தீர்மான நகல் வேண்டுவோர் பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கல்யாண மண்டபத்துச் சேர் நாலு இன்னும் பள்ளிக்கூட வராந்தாவில் கிடக்கிறது, எடுத்துப் போனவர்கள் யாராவது திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள், மண்டபத்துக்காரர் என்னைத்தான் கேட்கிறார்.