மகளின் காலைப் பார்த்தவர்களுக்கு

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். ஒவ்வொருவரையும் நேரில் கண்டு சொல்ல வேண்டிய நன்றி இது.

என் மகளுக்கு இரண்டு வருடமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கால்களில் மீன் வலையை விரித்த மாதிரி ஊதாக் கோடுகள். காட்டிய இடத்தில் பெனடோல் தந்து அனுப்பினார்கள். ஒருநாள் காலை தேத்தண்ணிக் கோப்பை அவள் வலது கையிலிருந்து விழுந்தது, வாயும் கோணியது. ஆறு வயதில் பாரிசவாதம். முன்வீட்டு ஆட்டோத் தம்பி, அன்று நீங்கள் ஓடிய வேகத்தை மறக்கமாட்டேன்.

வாட்டில் இருந்த டொக்டர் அம்மா, போர்வையை விலக்கி அவளின் காலைப் பார்த்தவர் நீங்கள்தான். "நீங்களும் கணவரும் சொந்தமா?" என்று கேட்டீர்கள். மச்சான் மச்சாள் என்றேன். உடனே கொழும்புக்கு எழுதினீர்கள். மரபணுப் பரிசோதனையில் டாடா-2 என்று வந்தது. 2014 இல்தான் மருத்துவ உலகம் கண்டறிந்த நோயாம். ஏடிஏ-2 மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் இரத்தக் குழாய்களில் அழற்சி வரும். மூளையில் குழாய் அடைபடும், சில வேளை இரத்தமும் கசியும். அதனால்தான் அஸ்பிரின் வேண்டாம் என்று, டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசியைத் தொடங்கினார்கள். பதினான்கு மாதமாகிறது, பாரிசவாதம் திரும்ப வரவில்லை.

இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தை முன்னின்று செய்தவர் மாமி. பிள்ளை படுத்த நாள் முதல் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. கொழும்பு டொக்டர் ஐயா அவரைப் பக்கத்தில் இருத்தி, தாயிடமும் தகப்பனிடமும் ஒவ்வொரு பழுதுப் பிரதி இருந்ததை, ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு என்பதை, இதில் யார் பிழையும் இல்லை என்பதைப் பொறுமையாகச் சொன்னார். வெளியே வந்து மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். அன்றிரவுதான் சோறு சாப்பிட்டார்.

ஊசியை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. பஸ்ஸில் கொண்டுவர ஐஸ் தந்த மீன்வாடி அண்ணாவுக்கும், இடக்கையால் எழுதப் பழக்கிய டீச்சருக்கும், கையைப் பயிற்றுவித்த பிசியோதெரபி தங்கச்சிக்கும் நன்றி.

ஜமாலியா ராத்தா, எங்கள் பிரிட்ஜ் பழுதான மூன்று மாதமும் ஊசிகள் உங்கள் வீட்டில்தான் இருந்தன. நோன்பு நேரத்திலும் கதவைத் திறந்தீர்கள். நேற்று மகள் வலக்கையால் தன் பெயரை எழுதினாள். கோணல் மாணல்தான். உங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டுமாம், பின்னேரம் கொண்டு வருவாள்.