ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு எதற்கு இந்தக் கதவு? ரயில்வே அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வடசென்னை தினப் பயணிகளின் வணக்கம்.

போன வாரம் எங்கள் நிலையத்தின் வாசலில் டேப் பிடித்து அளந்து, தரையில் வெள்ளைப் பெயின்டால் நான்கு கட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மெட்ரோவில் இருப்பது போல, டிக்கெட்டைக் காட்டினால் மட்டும் திறக்கும் கதவு இங்கேயும் வரப்போகிறதாம். எந்த நிலையம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு நடைமேடை, ஒரு நடைமேம்பாலம், இரண்டு கவுன்டர் சன்னல். அதில் ஒன்று மூடியே கிடக்கும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கதவு வேண்டாம். காலை 7 மணி முதல் 10 மணி வரை அந்த இரண்டாவது கவுன்டரைத் திறந்துவிடுங்கள்.

கவுன்டரில் ஊர் பெயரைச் சொல்லி, டிக்கெட் அடித்து, காசு கொடுத்து, சில்லறை வாங்கி நகர ஒரு ஆளுக்கு 20 முதல் 25 வினாடி ஆகிறது. நடுவில் ஒரு 500 ரூபாய் நோட்டு வந்தால் அந்தக் கணக்கும் போச்சு. மாதத்தின் முதல் வாரம் என்றால் சீசன் டிக்கெட் (மாதப் பாஸ்) எடுப்பவர்களும் அதே வரிசையில்தான். 30 பேர் நின்றால் கடைசி ஆள் சன்னலுக்கு வர 12 நிமிடம். அதற்குள் வண்டி வந்து, நின்று, போய்விடும். விட்டால் அடுத்த வண்டிக்குக் கால் மணியோ அரை மணியோ. அரை மணி தாமதமாகப் போனால் அரை நாள் சம்பளம் பிடிக்கிற இடங்களில்தான் இந்தப் பக்கத்து ஜனம் வேலை செய்கிறது.

பக்கத்தில் டிக்கெட் இயந்திரம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. காகித ரோல் தீர்ந்தால் மாற்றும் வரை அது வெறும் பெட்டி. தொடுதிரை நகர்ந்துபோய், மேல் வரியைத் தொட்டால் கீழ் வரி ஊரைக் காட்டுகிறது. கமிஷனுக்கு டிக்கெட் எடுத்துத் தரும் பெரியவர் வராத நாளில் அதன் முன்னே நிற்பவர் யாருமில்லை. இயந்திரத்துக்கான ஸ்மார்ட் கார்டில் ரொக்கமாகப் பணம் ஏற்றப் போனாலோ, மறுபடியும் அதே கவுன்டர், அதே வரிசை! மொபைல் செயலி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நிலைய எல்லைக்குள் வந்துவிட்டால் காகிதமில்லா டிக்கெட் தர மறுக்கும். உள்ளே இருப்பவர்கள் சுவரில் ஒட்டிய க்யூஆரை ஸ்கேன் செய்துதான் எடுக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்து ஆறு மாதமாகிறது.

இந்த லட்சணத்தில் கதவை வைத்தால் அது யாரைத் தடுக்கும்? காசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவரைத்தான். டிக்கெட்டே எடுக்கக் கூடாது என்றிருப்பவருக்கு நடைமேடையின் கடைசியில் சரிவுப் பாதை இருக்கிறது, காம்பவுண்டு சுவரில் ஆள் நுழையும் ஓட்டையும் இருக்கிறது. கதவு வந்தால் அந்த ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாகும். தண்டவாளத்தைத் தாண்டுபவர்கள் கூடுவார்கள். தண்டவாளத்தில் நடந்ததற்காக ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் பிடித்து 1000 ரூபாய் வரை அபராதம் போடலாம். அடிபட்டால் என்ன செய்வீர்கள்?

கதவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இறக்கை போல விரியும் அந்தத் தடுப்புக்கு இரண்டு பக்கமும் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் சென்சார் இருக்கும். ஆள் உள்ளே இருக்கிறாரா, தாண்டிவிட்டாரா என்று அதுதான் சொல்லும். அதன் கண்ணாடியில் தூசி படிந்தால் ஆள் இல்லாமலே ஆள் நிற்பதாக நினைத்து, திறந்தது மூடாது, மூடியது திறக்காது. எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூளும் கடல் உப்புக் காற்றும் சேர்ந்தால் எத்தனை நாளைக்கொரு முறை துடைக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதியிருக்கிறீர்களா?

காசிமேட்டில் மீன் எடுத்துவரும் அம்மாக்கள் அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கி வருவார்கள். சாதாரணக் கதவு வழியின் அகலம் அரை மீட்டர் சொச்சம். கூடை முதலில் நுழையும், ஆள் பின்னால் வருவார்; இரண்டு பேர் என்று நினைத்து இயந்திரம் கத்தும். கூடையிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் நேராகக் கதவின் அடிப்பலகைக்குப் போகும். கேபிள் இருப்பது அங்கேதான். சக்கர நாற்காலிக்கென்று 90 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்று வைப்பீர்கள், எல்லாக் கூடையும் அந்த ஒன்றுக்கே வரும். சீசன் டிக்கெட்டையோ மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, வியர்வைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். மடிப்பில் கோடு அழிந்த க்யூஆரை எந்த ஸ்கேனர் படிக்கும்? ரயில்வே பாஸ்காரர், வெளியூர் டிக்கெட்டோடு இங்கே இறங்குபவர் என்று மீதி எல்லோருக்கும் ஒரு ஆள் பக்கத்தில் நின்று திறந்துவிட வேண்டும். அந்த ஆளைக் கவுன்டரில் உட்கார வைத்தால் என்ன?

நான்கு கதவில் இரண்டு உள்ளே போக, இரண்டு வெளியே வர என்று வையுங்கள். மாலையில் 12 பெட்டி வண்டியிலிருந்து 200 பேர் இறங்கினால், ஆளுக்கு 4 வினாடி என்றாலும் கடைசி ஆள் வெளியே வர ஏறக்குறைய 7 நிமிடம். அதுவரை கூட்டம் நடைமேம்பாலப் படிக்கட்டில் நிற்கும். 2017 செப்டம்பரில் மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நடைமேம்பால நெரிசலில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி பணம். குறைந்த கட்டணம் 5 ரூபாய். 100 ரூபாய் சீசனில் மாதம் 25 நாள் போய் வந்தால் ஒரு பயணத்துக்கு 2 ரூபாய். கதவுக்குப் போடும் ஒவ்வொரு லட்ச ரூபாயையும் மீட்க 20,000 புது டிக்கெட் விற்க வேண்டும். ஷிப்டு, வார விடுமுறை எல்லாம் பார்த்தால் கதவருகே நிற்க நான்கு பேர் தேவை. ஆளுக்கு 20,000 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 80,000. இந்தச் சம்பளத்துக்கே தினம் 530 பேர் புதிதாக 5 ரூபாய் டிக்கெட் எடுக்க வேண்டும். மின்சாரம், பேட்டரி, உதிரிபாகம் எல்லாம் தனி. அதே 80,000-ஐ டிக்கெட் இல்லாதவருக்கு அதே சட்டத்தின் 138-வது பிரிவில் போடும் 250 ரூபாய் அபராதத்தில் எடுக்க, தினம் 11 பேரைப் பிடித்தால் போதும். முன்னறிவிப்பில்லாமல் மாதம் நாலைந்து நாள் பரிசோதகர்கள் வந்து நின்றாலே பலர் தாமாக டிக்கெட் எடுத்துவிடுவார்கள்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் எங்கள் வடசென்னை ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்தப் பெருமைக்கு எங்கள் பக்கம் இன்று கிடைத்திருப்பது பூட்டிய கழிவறை, தண்ணீர் வராத குழாய், நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே கர்ப்பிணிகள் தாவ வேண்டிய இடைவெளி. கழிவறைக்குப் பூட்டு போட்டாயிற்று, இனி வாசலுக்கும் போட்டால் நிலையத்துக்குப் பாதுகாப்பு முழுமையாகிவிடும்! மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறோம். கதவுத் திட்டத்தைக் கைவிடுங்கள். காலை 7 முதல் 10 வரை இரண்டாவது கவுன்டரைத் திறந்துவிடுங்கள், இயந்திரத்தின் தொடுதிரையைச் சரிசெய்யுங்கள், வெளுத்துப்போன ஸ்டிக்கரை மாற்றுங்கள், சுவர் ஓட்டையை அடைத்துவிடுங்கள். தரையில் போட்ட வெள்ளைப் பெயின்டைச் சுரண்ட ஆள் வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோம். கவுன்டருக்கு மட்டும் நீங்கள்தான் ஆள் போட வேண்டும்.

இப்படிக்கு,
வடசென்னை தினப் பயணிகள்