அலமாரியில் நீ விட்டுப்போன இரண்டு டப்பா

கூத்தப்பாக்கம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மாடித் தொட்டி ஒழுகியதை அடைத்தாயிற்று. மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள், நீ எடுத்திருந்தால்.

பொங்கலுக்கு வந்தவள் பாத்ரூம் அலமாரியில் ஒரு பச்சை ட்யூபும் ஒரு வெள்ளை டப்பாவும் விட்டுப் போயிருக்கிறாய். சிப்காட்டில் டிரம் லேபிள் படித்தே தலை நரைத்தவன், சும்மா இருப்பேனா? பூதக்கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். "அப்பாவுக்கு வேற வேலையே இல்லை" என்று நீ சொல்வது இங்கேயே கேட்கிறது.

ட்யூபை முதலில் சொல்லிவிடுகிறேன், முகத்தில் பூசிக் கழுவுகிற பேக்தான், அதில் பயமில்லை. பின்பக்கம் சேர்மானங்களை எழுதும்போது எது அதிகமோ அது முன்னால் வர வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். முதலில் அக்குவா, அதாவது வெறும் தண்ணீர். அடுத்து கயோலின், பென்டோனைட். இரண்டுமே களிமண்தான், பென்டோனைட் எண்ணெயை நன்றாக உறிஞ்சும், கயோலின் கொஞ்சம் சாது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்க. நியாசினமைடு என்பது பி3 வைட்டமின். பிறகு ஃபீனாக்ஸிஎத்தனால், கெட்டுப்போகாமல் இருக்கப் போடுவது. அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் கிரீன் டீ இதற்கும் பின்னால்தான் வருகிறது. எவ்வளவு இருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். சரி, பச்சை எங்கிருந்து வந்தது என்று தேடினால் சி.ஐ. 77288. குரோமியம் ஆக்ஸைடு, நிறமி. தேயிலைக்குக் காசு கொடுத்துக் களிமண் வாங்கியிருக்கிறாய். போகட்டும், கெடுதல் இல்லை. காய்ந்து வெடிக்கும்வரை விடாமல் பாதி ஈரத்திலேயே கழுவிவிடு. 'பர்ஃப்யூம்' என்று ஒரே வார்த்தைதான் இருக்கிறது, அதற்குள் பல வாசனைப் பொருள் ஒளிந்திருக்கலாம். அரித்தால் முதலில் அதைச் சந்தேகப்படு.

அம்மா, கடலைமாவில் எலுமிச்சை பிழிந்து போட்டால் போதும் என்கிறாள். அந்தப் பேச்சைக் கேட்காதே. எலுமிச்சைச் சாறு பி.ஹெச். இரண்டு பக்கம், நம் தோல் ஐந்து பக்கம், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுத்துப் போகலாம். இயற்கையாம்! முந்திரிக்கொட்டையும் இயற்கைதான். பண்ருட்டியில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஆயா கொட்டை உடைத்ததை நீ பார்த்திருக்கிறாய். ஓட்டு எண்ணெய் தின்று தின்று விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போய், ஆதாருக்குப் போனபோது மிஷின் அவள் கையை ஏற்கவே இல்லையே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆயா நிறம்தான் உனக்கு. எனக்கும்.

இப்போது வெள்ளை டப்பா. தயாரித்தவன் பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை, தேதி இல்லை. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவன் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. என்ன கலந்திருக்கிறான் என்று ஒரு வரி கிடையாது. இரவில் தடவிக் காலையில் கழுவவும் என்று இருக்கிறது. அதற்குக் கீழே, தங்கம், வெள்ளி, ரப்பர், அலுமினியம் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று.

முகத்தில் பூசுகிற சாமானுக்குத் தங்கத்தைக் கண்டு என்ன பயம்? பத்தர் பட்டறையில் பாதரசம் பட்ட மோதிரம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இதில் பாதரசம் இருக்கிறது என்று சொல்லவில்லை, சோதிக்காமல் சொல்லக் கூடாது. இருக்கலாம் என்பதே எனக்குப் போதும். தோலில் நிறம் ஊறுவதை அது தடுக்கும், அதனால்தான் கலக்கிறார்கள். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். முகக் கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2020 அழகுசாதன விதிகளிலேயே இருக்கிறது. 2023இல் மலப்புரம் பக்கம் வெளுப்பு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போனதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். நிறுத்தியதும் பலருக்குக் குணமாகியிருக்கிறது. அதனால் நிறுத்து. பாதரசம் இல்லாவிட்டால் ஸ்டீராய்டு இருக்கலாம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று பெயர் வரும். முதலில் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து, விட்டதும் சிவந்து பரு கிளம்பும். அப்படிக் கிளம்பினால் பயந்து மறுபடி பூசிவிடாதே, தோல் டாக்டரிடம் போ.

டப்பாவில் விரல் வழித்த பள்ளம் அடிவரைக்கும் தெரிகிறது. பெங்களூரில் இன்னொன்று வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். நெட் சரியில்லை என்று வீடியோ காலில் கேமராவை அணைத்துவிடுகிறாய். ஐ.டி. கம்பெனியில் வேலை, வீட்டில் நெட் இல்லை. அம்மா நம்புகிறாள்.

மெக்கானிக்கலில் ஐம்பது பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து, எல்லோரையும் முந்தி மார்க் எடுத்தவள் நீ. அன்றைக்கு எவன் என்ன சொல்வான் என்று பார்த்தாயா? இப்போது யாரோ ஒரு அம்மா நம் வீட்டுச் சொஜ்ஜியைத் தின்றுவிட்டு, போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை... அதை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். விடு.

அதைப் பூசாதே. ஒரு தடவை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடு, புரதம் போகிறதா என்று பார்க்க. கால், முகம் வீங்கினால் நாள் கடத்தாதே. கிரீம் பூசியதை டாக்டரிடம் மறைக்காமல் சொல். அங்கே போக யோசனையாக இருந்தால் இங்கே வா, புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவில் காட்டலாம், நான் கூட வருகிறேன். காலை சீக்கிரம் கிளம்பினால் சீட்டு வாங்கிவிடலாம். டப்பாவை இரண்டு கவரில் கட்டி எடுத்து வைத்திருக்கிறேன், டாக்டர் கேட்டால் காட்ட வேண்டும். உன்னிடம் இருப்பதையும் குப்பையில் போடாதே, கட்டி வை. பூசாதே.

முந்திரி இரண்டு கிலோ கூரியரில் அனுப்பியிருக்கிறேன். முழுப் பருப்பு, உடைசல் இல்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு: விழுப்புரத்துக்காரர்கள் திரும்பப் போன் செய்தார்கள், மேற்கொண்டு பேசலாமா என்று. வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே.