பைண்டு செய்து வைத்த கைகளுக்கு

அன்புடையீர்,

வணக்கம். தை மாதம் கும்பகோணத்தில், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஓவிய வகுப்பறையில் ஒன்பது நாள் நடந்த பத்திரிகை ஓவியக் காட்சி நல்லபடியாக முடிந்தது. படங்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கியாயிற்று. ஆணி அடித்த ஓட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தாயிற்று. கடைசி நாள் மேடையில் நன்றி சொல்ல எழுந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டதில் பாதிப் பேரை விட்டுவிட்டேன். அந்தக் குறை மனசை அறுக்கிறது. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி என் அம்மாவுக்கு. 1950 அக்டோபர் கடைசியில் ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது அம்மாவுக்குப் பதினைந்து வயது. வாரா வாரம் வீட்டில் எல்லாரும் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, தொடர்கதைத் தாள்களை மட்டும் பிரித்தெடுத்து, தலையணைக்கு அடியில் வைத்துச் சுருக்கம் நீக்கி, அட்டைப் பெட்டியில் சேர்த்திருக்கிறாள். 1954இல் கதை முடிந்ததும் தாத்தா அதை மூன்று புத்தகமாக பைண்டு பண்ணிக் கொடுத்தார். கல்யாணத்தின்போது சீர்ப் பாத்திரங்களோடு அந்த மூன்று புத்தகங்களும் வண்டி ஏறி வந்தன. மணியம் வரைந்த வந்தியத்தேவனைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் பென்சில் பிடிக்கக் கற்றேன். பிறகு அதே கதை திரும்பத் திரும்பத் தொடராக வந்தபோது வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். ஒவ்வொரு தலைமுறைக்கும் வந்தியத்தேவனுக்கு வேறு வேறு முகம். எனக்கு மட்டும் அம்மாவின் பெட்டியில் இருந்த முகம்தான்.

என் அம்மா மாதிரி எத்தனை அம்மாக்கள்! பழைய பத்திரிகைத் தாள்களை நான் சேர்க்கத் தொடங்கிய இந்தப் பதினோரு வருஷத்தில் எனக்கு வந்து சேர்ந்த பைண்டு வால்யூம்கள் 212. அவற்றில் முக்கால்வாசி பெண்கள் சேர்த்தவை. முதல் பக்கத்தில் பெயரும், ‘இரவல் கேட்காதீர்கள்’ என்ற எச்சரிக்கையும் இருக்கும். சிலவற்றில் பால் கணக்கு இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகை ஓவியத்தின் சரித்திரத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், கோணி ஊசியும் சணல் நூலும் வைத்திருந்த இந்த வீடுகளைத்தான் சொல்வேன். மூலப் படங்களில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. அச்சாகி முடிந்ததும் அவற்றுக்கு வேலை முடிந்தது என்றுதான் அந்தக் காலத்தில் நினைத்தார்கள். படம் உயிரோடு இருப்பது, எட்டணாவோ நாலணாவோ கொடுத்து வாங்கின அந்த மட்டத் தாளில்தான்.

காவிரிக்கரைத் தெரு மாமி, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பத்தொரு வால்யூம்களையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, “இதுகள எல்லாம் கட்டிக் கொடுத்துட்ட மாதிரி இருக்கு, அப்பப்போ வந்து பாத்துக்கறேன்”னு சொன்னீர்கள். காட்சி நடந்த ஒன்பது நாளும் வந்தீர்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

அடுத்து, சென்னையில் முப்பது வருஷம் பிளாக் செய்யும் பட்டறையில் வேலை பார்த்த ஐயாவுக்கு. நான் ஓவிய ஆசிரியை. கோட்டோவியம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் ஒரு மத்தியானம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது நான் படித்த எந்தப் படிப்பிலும் இல்லை. படத்தைக் கேமராவில் பிடித்து, நெகட்டிவ் எடுத்து, மருந்து பூசிய துத்தநாகத் தகட்டில் ஒளி காட்டி, அமிலத்தில் போட்டால் கோடு இருக்கும் இடம் மேடாக நிற்கும், மற்றது அரித்துப்போகும். அதைக் கட்டையில் அடித்து, எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டினால் லைன் பிளாக். நீர்வண்ணத்தில் பூசிய படம் என்றால் அதைப் புள்ளி புள்ளியாக உடைக்க வேண்டும், அது ஹாஃப்டோன். நியூஸ்பிரின்ட் சொரசொரப்பான தாள். அதில் நுண்ணிய புள்ளி போட்டால் மை அப்பிக்கொள்ளும். பெரிய புள்ளி போட்டால் முகம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். “அதனாலதாம்மா நம்ம ஆளுங்க கோட்டுலயே எல்லாத்தையும் கொண்டாந்தாங்க” என்றீர்கள். புடவையின் பட்டுக்கு ஒரு கோடு, நிழலுக்குக் குறுக்குக் கோடு, இருட்டுக்குத் தூரிகையால் ஒரே கறுப்பு. ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ பெரிதாக வரைந்து, சுருக்கும்போது கோடுகள் நெருங்கி உறுதியாகும்படி பார்த்துக்கொண்டார்கள். மட்டமான தாளும் சின்ன பிளாக்கும் இல்லையென்றால் தமிழ்க் கோட்டோவியத்துக்கு இந்தக் கை வந்திருக்காது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. காட்சியின் முதல் பலகையில் நீங்கள் தந்த அந்த ஒரே ஒரு துத்தநாக பிளாக்கைத்தான் வைத்தோம். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்தே தேய்த்துவிட்டார்கள். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டிய ஓவியர் குடும்பத்துக்கு என்ன சொல்ல! அப்பா போன பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை என்றீர்கள். உள்ளே பதினேழு மூலப் படங்கள். வெள்ளை பெயின்ட் வைத்துத் திருத்திய கைவிரல், ஓரத்தில் நீலப் பென்சிலில் ‘2 காலம்’ (இரண்டு பத்தி அகலம்) என்று அளவு. அந்தத் திருத்தங்கள் அச்சில் தெரியவே தெரியாது. மாலைவரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, பதினேழையும் திருப்பி அதே பெட்டியில் வைத்தோம். நகல் எடுக்க மட்டும் அனுமதி கேட்டேன், கொடுத்தீர்கள். மூலம் உங்கள் வீட்டில் இருப்பதுதான் சரி.

பழைய பேப்பர் கடை பாய்க்கு. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போன் வரும். “டீச்சர், ஒரு மூட்டை வந்திருக்கு, நீங்க பாத்துட்டுப் போனாத்தான் லோடு ஏத்துவேன்.” எடைக்கு வாங்கியதை எடைக்கே கொடுத்தீர்கள், ஒரு ரூபாய் கூட வைத்ததில்லை. ஒரு முறை, பக்கத்து ஊர் நூலகம் ஒன்று இடமில்லை என்று கழித்துக் கட்டிய தீபாவளி மலர்கள் உங்களுக்குத் தெரியாமல் வேறு வண்டியில் நேராக அரவை ஆலைக்குப் போய்விட்டன. நாம் இரண்டு பேரும் டெம்போ பிடித்துப் போவதற்குள் எல்லாம் கூழ். திரும்பி வரும் வழி முழுக்க நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம்தான் சுற்றுவட்டாரத்துக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் நீங்களே சொல்லி வைத்தீர்கள்.

என் தவறு ஒன்றையும் இங்கே எழுத வேண்டும், அதைத் திருத்தியவருக்கு நன்றி சொல்வதற்காக. ஆரம்பத்தில் கிழிந்த தாள்களை எல்லாம் செலோ டேப் போட்டு ஒட்டினேன். நான்கு வருஷத்தில் டேப் உரிந்து, பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நின்றுவிட்டது. கோயில்களை வரைந்த ஓவியர் சில்பியின் ஒரு கோபுரத்தின் குறுக்கே அந்தப் பட்டை இன்றைக்கும் இருக்கிறது. பைண்டர் ஐயா, நீங்கள்தான் என் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கிப் போட்டவர். மெல்லிய ஜப்பான் தாளையும் மாவுப் பசையையும் வைத்து ஒட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். உங்கள் அப்பா காலத்தில் பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள் என்றும், பழைய வால்யூம்களை ராமபாணப் பூச்சி தொடாததற்கு அதுதான் காரணம் என்றும் சொன்னீர்கள். துருப்பிடித்த தையல் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நூல் கோத்ததும் நீங்கள்தான். மரக்கூழில் செய்த தாள், வெளிச்சம் பட்டால் பழுக்கும், பிறகு அப்பளம் மாதிரி நொறுங்கும். அதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது.

நான்கு பிள்ளைகள், என் பழைய மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து ஸ்கேன் செய்தார்கள். தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் மறுபக்கத்து எழுத்து ஊடாகத் தெரியாது என்று கண்டுபிடித்துச் சொன்னது அவர்களில் இளையவன். அவர்களிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் பிடிவாதமாகக் கேட்டேன்: படத்தை மட்டும் எடுக்காதீர்கள், முழுப் பக்கத்தையும் எடுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். பைண்டு செய்பவர் மேலோரத்தை வெட்டும்போது தேதி போய்விடும். அட்டையை அம்மாக்கள் முதலிலேயே தூக்கிப் போட்டிருப்பார்கள். பிறகு இந்தப் படம் எந்த வருஷம் என்று எப்படிச் சொல்வது? ஓவியர் கோபுலு வரைந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதைத் தாள்கள் ஒரு கட்டு தனியாக வந்தபோது, பின்பக்கத்து சோப்பு விளம்பரம்தான் வழி காட்டியது. விலை ‘ந.பை.’ என்று போட்டிருந்தது. 1957 ஏப்ரல் 1க்கு முன்னால் நயா பைசா கிடையாது, அணாதான். இப்படி விளம்பரத்தையும் துணுக்கையும் வைத்து அறுபதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு அந்தப் பிள்ளைகள் காலம் குறித்திருக்கிறார்கள். படத்தை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் இது நடக்குமா? வெட்டி ஒட்டிய ஆல்பங்களும் எனக்கு வந்தன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதில் இருக்கும் படத்துக்குக் கதையும் இல்லை, நாளும் இல்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நான் பார்த்ததில்லை. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்து, புத்தகம், பத்திரிகை, அழைப்பிதழ், நோட்டீஸ் என்று கண்ணில் பட்டதை எல்லாம் சேர்த்தவர். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. சந்தேகம் வந்தபோதெல்லாம் தரமணியில் இருக்கும் அந்த நூலகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். பாரதி நடத்திய ‘இந்தியா’வில் 1906 முதல் வந்த கருத்துப் படங்களைப் பற்றிக் கேட்டபோது, நான் கேட்காத ஆறு கட்டுகளையும் சேர்த்து எடுத்து வந்து வைத்த நூலக நண்பருக்கு என் வணக்கம்.

டொரொன்டோவில் இருந்து ஒரு தம்பி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ‘சிரித்திரன்’ இதழ்கள் ஐந்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் நடத்திய நகைச்சுவைப் பத்திரிகை அது. “அக்கா, எங்கட வீட்டில மிஞ்சினது இவ்வளவுதான். நூலகம் ஆக்களிட்ட ஸ்கேன் குடுத்திட்டன், தாள் உங்களிட்ட இருக்கட்டும்” என்று உள்ளே ஒரு சீட்டு. ‘நூலகம்’ என்பது ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கும் அமைப்பு. 1981இல் யாழ் நூலகத்தில் எரிந்தவை 97 ஆயிரம் நூல்கள். அந்த ஊரில் பிறந்தவர் ஐந்து இதழை இன்னொருவர் கையில் நம்பிக் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், தம்பி. இரும்பு பீரோவில் தனித்தட்டில் வைத்திருக்கிறேன்.

காட்சிக்கு வந்தவர்களில் எத்தனை பேரைச் சொல்ல? கோபுலு நம் கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர் என்பதும், திருவையாற்றில் தியாகராஜர் பூஜித்த ராம பட்டாபிஷேகப் படத்தை ‘ஆனந்த விகடன்’ ஓவியர் மாலி சொல்லி அதன் 1941 தீபாவளி மலருக்கு வரைந்தவர் என்பதும் ஊர்க்காரர்கள் பலருக்கே புதுச் செய்தி. பக்கவாதம் வந்து வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகினார் என்று படித்துவிட்டு ஒரு கல்லூரிப் பையன் அந்தப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றான். ‘அம்புலிமாமா’ பலகையில், தோளில் வேதாளத்தைச் சுமந்து கத்தியோடு நடக்கும் சங்கரின் விக்கிரமாதித்தன் எதிரே, தாத்தாக்களும் பேரன்களும் ஒரே உயரமாகிவிட்டார்கள். சில்பியின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரிசை முன்னால் ஒரு குருக்கள் நின்று, ஒரு சிற்பத்தைக் காட்டி, “இந்தக் கை இப்போ எங்க கோயில்ல இல்லை, நான் பொறந்ததுலேர்ந்தே மொட்டையாத்தான் பாத்திருக்கேன்” என்றார். அன்று மாலை மறுபடி வந்து, தன் பேத்தியை விட்டு அந்தக் கையைப் பார்த்து வரையச் சொன்னார்.

நகல்கள் எங்கே கிடைக்கும் என்று நிறையப் பேர் கேட்டீர்கள். ஓவியர் காலமாகி அறுபது ஆண்டுவரை உரிமை உண்டு. பத்திரிகைகளுக்கும் உரிமை இருக்கிறது. ஆகவே விநியோகம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. பள்ளி நூலகத்துக் கணினியில் வந்து பார்க்கலாம். சனிக்கிழமை காலை நான் அங்கே இருப்பேன்.

கடைசியாக, மன்னார்குடியிலிருந்து எட்டாம் நாள் வந்த பெரியவருக்கு. அம்மாவின் இரண்டாவது புத்தகத்தில் ஒரு தாள் என் சின்ன வயசிலிருந்தே இல்லை. பூங்குழலி படகு வலிக்கும் படம் இருந்த தாள். யாரோ கிழித்துக்கொண்டார்கள், யார் என்று அம்மா சாகும்வரை சொல்லவில்லை. அந்த இடத்தைத் திறந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுப் போனவர், மறுநாள் முதல் பஸ்ஸில் ஒரு காலண்டர் அட்டைக்குள் வைத்து அந்தத் தாளைக் கொண்டு வந்தீர்கள். பைண்டு செய்யாத பிரதியில் இருந்து எடுத்தது. ஓரம் வெட்டாதது. மேலே தேதிகூட அப்படியே இருக்கிறது.

பைண்டர் ஐயா கண் ஆபரேஷன் முடிந்து போன வாரம்தான் வந்தார். தாளை வைத்துப் பார்த்துவிட்டு, “மத்ததை விட அரை அங்குலம் நீட்டிக்கிட்டு நிக்கும்மா, சமமா வெட்டிரவா?” என்று கேட்டார். வெட்ட வேண்டாம், நீட்டிக்கொண்டே நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்