லாரிக்கு இருக்கும் பதிவு லாரி கம்பெனிக்கும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலை விபத்துச் செய்திகளில் லாரியின் எண் இருக்கும், ஓட்டுநர் கைதான விவரமும் இருக்கும். அந்த லோடை எந்தக் கம்பெனி ஏற்றி அனுப்பியது, அதன் பொறுப்பில் ஓடும் மற்ற வண்டிகள் இதற்கு முன் எப்படி ஓடின என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. நிருபர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்டாலும் எளிதில் கிடைக்காத விவரம் அது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் பொறுப்பில் இருக்கிறேன். லோடு ஏற்ற வண்டி வந்து நின்றதும் அதன் எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று ஆகியவை எந்தத் தேதி வரை செல்லும் என்பது உடனே தெரிந்துவிடும். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. எடுத்தாக வேண்டும் என்பதால், பழைய வண்டிகளில் அந்தத் தேதியைத்தான் முதலில் பார்ப்போம். ஆனால் இவையெல்லாம் அந்த ஒரு வண்டியைப் பற்றிய விவரங்கள். எங்களிடம் வாடகை பேசியவர் லோடை ஏற்றுக்கொண்டு வண்டி ஏற்பாடு செய்யும் புக்கிங் ஆபீஸ்காரர், வந்து நிற்பது அவர் புரோக்கர் மூலம் பிடித்த மார்க்கெட் வண்டி, ஆர்.சி.யில் இருப்பது மூன்றாவது ஒருவரின் பெயர், அதுவும் பாதி எழுத்துகள் மறைக்கப்பட்டு. அடுத்த லோடுக்கு வேறு வண்டி வரும். வண்டிகள் மாறிக்கொண்டே இருக்க, மாறாமல் இருக்கும் ஒரே தரப்பான அந்தப் புக்கிங் கம்பெனி, ஓட்டுநர்களை எத்தனை மணி நேரம் ஓட்ட வைக்கிறது, எத்தனை முறை ஓவர்லோடுக்கு அபராதம் கட்டியது என்று பார்க்க எங்களுக்கு வழியே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் 2007இல் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தை இயற்றியது. அது 2011இல் நடைமுறைக்கு வந்தது. பிறருடைய சரக்கை வாடகைக்கு ஏற்றிச் செல்லும் தொழிலைப் பதிவுச் சான்று இல்லாமல் யாரும் நடத்தக் கூடாது என்பதும், அந்தச் சான்று பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதும் அதன் அடிப்படை விதிகள். சொந்தமாக ஒரு லாரிகூட இல்லாத புக்கிங் கம்பெனிகளும் புரோக்கர்களும் கூரியர் நிறுவனங்களும் இதற்குள் வருகிறார்கள் என்பதுதான் இச்சட்டத்தின் சிறப்பு. ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற கடமையையும் வண்டி உரிமையாளரோடு நிறுத்தாமல் சரக்கை எடுத்துச் செல்லும் கம்பெனியின் மீதும் அது வைக்கிறது. இவ்வளவு இருந்தும், எங்கள் தொழிலில் ஒருவர் மற்றவரிடம் இந்தப் பதிவெண்ணைக் கேட்பது அபூர்வம். ஒரு பார்சல் அலுவலகத்தில் நான் கேட்டபோது எடுத்துக் காட்டியது ஜி.எஸ்.டி. சான்றிதழை.

அமெரிக்காவில் இது வேறு விதமாக நடக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய சரக்கு வாகனப் பாதுகாப்பு நிர்வாகம், மாநில எல்லை கடந்து லாரி ஓட்டும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் தருகிறது. அந்த எண்ணை வண்டியின் இரு பக்கமும் எழுதியிருக்க வேண்டும். இணையத்தில் அதைப் போட்டால், எத்தனை வண்டிகள், எத்தனை ஓட்டுநர்கள், கடந்த 24 மாதங்களில் எத்தனை சோதனைகள், அவற்றில் எத்தனை முறை வண்டியோ ஓட்டுநரோ மேற்கொண்டு செல்லக் கூடாதென்று அங்கேயே நிறுத்தப்பட்டனர், எத்தனை விபத்துகள் என்று எல்லாமே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நிறுத்தப்பட்ட விகிதத்துக்குப் பக்கத்திலேயே தேசிய சராசரியும் இருப்பதால் ஒப்பிடுவதும் எளிது.

அங்கும் ஓட்டைகள் உண்டு. பெயர் கெட்டுப்போன நிறுவனங்கள் கடையை மூடிவிட்டுப் புது எண்ணில் மறுபடி முளைக்கின்றன. விபத்து எண்ணிக்கையில் யார் மீது தவறு என்பது தெரிவதில்லை. நிறுவனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்திய மதிப்பெண்கள் நியாயமற்றவை என்று சரக்குப் போக்குவரத்துத் துறையினர் எதிர்த்ததன் பேரில், 2015இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால் அவை பொதுப் பார்வையிலிருந்து நீக்கப்பட்டன. நாமும் இதைச் செய்வதென்றால் மதிப்பெண் போடும் வேலையைத் தொடக்கத்திலேயே தவிர்ப்பது நல்லது. இரண்டு மூன்று வண்டிகளைக் கடனில் வாங்கி ஓட்டும் சங்ககிரி, நாமக்கல் உரிமையாளர் ஒருவருக்கு, பின்னால் வந்து இன்னொருவர் மோதிய விபத்துகூடக் கெட்ட பெயராகிவிடக் கூடாது. காலாவதியான எஃப்.சி.யோடு பிடிபட்டது, ஓவர்லோடு அபராதம் கட்டியது, பதிவு நிறுத்திவைக்கப்பட்டது போன்ற மறுக்க முடியாத விவரங்களை மட்டும் வெளியிட்டாலே எங்களைப் போன்றவர்களுக்குப் போதும்.

இதற்கான தரவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வண்டி விவரங்கள் அரசின் வாகன் இணையதளத்தில் இருக்கின்றன. அபராதங்கள் இ-சலான் முறையில் வண்டி எண்ணோடு பதிவாகின்றன. விபத்து விவரங்களைக் காவல்துறை நிகழ்விடத்திலிருந்தே பதிவு செய்வதற்கான தரவுத்தளத்தை உருவாக்கியது நம் சென்னை ஐ.ஐ.டி.தான். கம்பெனியையும் வண்டியையும் இணைக்கும் கண்ணி எங்கே என்றால், 2018 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு நாங்கள் எடுக்கும் ஜி.எஸ்.டி. மின்னணுச் சரக்குச் சீட்டான இ-வே பில்லில் இருக்கிறது. டிரான்ஸ்போர்ட்டரின் அடையாள எண்ணும் வண்டி எண்ணும் அதில் ஒன்றாகவே பதிவாகின்றன. வரி ஏய்ப்பைப் பிடிக்க உதவும் இந்த இணைப்பு பாதுகாப்புக்கு மட்டும் ஏன் உதவக் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை. வணிக ரகசியம் என்பார்கள். யாருடைய சரக்கு, என்ன விலை என்பதை யாரும் கேட்கவில்லை.

ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பிடிபடும் இடத்தில் அதற்குப் பதில் சொல்ல நிற்பவர் ஓட்டுநர். ஏற்றச் சொன்ன அலுவலகத்தின் பெயர் அந்த ரசீதில் வருவதில்லை. அனுப்புபவர்களான நாங்களும் உத்தமர்கள் அல்லர். பத்து டன் வண்டியில் பன்னிரண்டு டன் ஏற்றினால் வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுபவர்கள் எங்கள் தரப்பிலும் இருக்கிறார்கள். கம்பெனியின் பதிவு எல்லோர் கண்ணிலும் படுமென்றால், அத்தகைய லோடை மறுக்க புக்கிங் ஆபீஸ்காரருக்கே ஒரு காரணம் கிடைக்கும்.

மாநிலப் போக்குவரத்துத் துறை முதல் கட்டமாகச் சமையல் எரிவாயு டேங்கர்கள், ரசாயன டேங்கர்கள், சிவகாசியிலிருந்து பட்டாசு ஏற்றும் வண்டிகள் ஆகியவற்றை இயக்கும் கம்பெனிகளின் பதிவுச் சான்றையும் அபராத வரலாற்றையும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வெளியிடலாம். மற்ற கம்பெனிகள், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குத் தாங்கள் கொடுக்கும் ஜி.சி. நோட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படியான பதிவெண்ணைத் தெளிவாக அச்சிடுமாறு உத்தரவிட்டால் போதும். தங்கள் நிருபர்களும் இனி விபத்துச் செய்தி எழுதும்போது, வண்டி எண்ணோடு அந்தப் பதிவெண்ணையும் காவல் நிலையத்தில் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருப்பூர்.